பிள்ளைகளின் முதல் பாத்தி: கீரையா, வெண்டையா?

பொறுமை இல்லாத பிள்ளைக்குச் சிறுகீரைதான். கடுகைவிடச் சிறிய விதையை மணலோடு கலந்து தூவினால், நான்கைந்து நாளில் முளை தெரியும். 25 நாளில் வேரோடு பிடுங்கிச் சட்டிக்குப் போய்விடும். தொல்லை என்னவென்றால், எறும்பு விதையை இழுத்துப்போகும். குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றும் பிள்ளை மிச்சத்தை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான், பாத்தியில் பாதி வழுக்கை. பூவாளி வாங்கிய பிறகே சரியானது.

வெண்டையின் கதை வேறு. விதை பெரியது, சின்ன விரலாலும் எண்ணி, ஓரங்குலக் குழியில் ஒன்றிரண்டாகப் போடலாம். காய்க்க 45 நாளாவது ஆகும். ஆனால் வேடிக்கை அதில்தான். காலையில் விரியும் வெளிர்மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, மாலைக்குள் சுருங்கிவிடும். பூ உதிர்ந்த இடத்தில் சுண்டுவிரல் நீளப் பிஞ்சு. ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்கும் வேலையை என் மகள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது.

ஒன்றுதான் என்றால் நான் வெண்டையைத்தான் போடுவேன். கீரையைத் தட்டில் ஒதுக்கும் என் மகன்கூட, தான் பறித்த வெண்டைக்காயைப் பச்சையாகவே கடிக்கிறான்.