படப்பிடிப்புக்குக் காவல் ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு: உரிமத்தின் முழு நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்

சிறிய, நடுத்தரச் செலவில் படமோ இணையத்தொடரோ எடுக்கும் தயாரிப்பு நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு செட்டிநாட்டு வீட்டில் நாங்கள் நடத்திய படப்பிடிப்புக்குக் காவல் பணி செய்து தருவதாக ஒப்புக்கொண்ட சென்னை நிறுவனம் ஒன்று, தனக்கு உரிமமே இல்லாத மாவட்டத்தில், பயிற்சி பெறாத ஆட்களை நிறுத்தி, எங்களிடம் வசூலிக்கக் கூடாத வரியையும் வசூலித்துக்கொண்டு, லென்ஸ்களும் வீட்டுக்காரர்களின் பொருள்களும் காணாமற்போன பிறகு தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கைகழுவிவிட்டது. காவல்துறை விசாரணை முடியாததால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த முறையை எழுதுவதற்குத் தடை ஏதும் இல்லை.

அவர்கள் கொடுத்த விலைப்புள்ளியைப் படித்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி ஆட்கள், அவர்களில் பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள், கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு பவுன்சர்கள், அனுபவமுள்ள ஒரு மேற்பார்வையாளர், ஒவ்வொரு இரவும் மணிக்கொரு முறை ரோந்து, அதற்கொரு பதிவேடு என்று எல்லாம் வரிசையாக இருந்தன. தலைக்கு ஒரு ஷிஃப்டுக்கு 1,400 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., பாதித் தொகை முன்பணம். பெரிய படங்களுக்கு வேலை செய்த புகைப்படங்களையும் காட்டினார்கள். நட்சத்திரத்தின் பின்னால் கறுப்புச் சட்டையில் நிற்பவர் யாருடைய ஆள் என்பதைப் புகைப்படத்தைக் கொண்டு எவரும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

செட்டிநாட்டு வீடுகளில் படம் எடுத்தவர்களுக்கு அங்குள்ள சிக்கல் தெரிந்திருக்கும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பட்டாலை, வளவு (உள்முற்றம்), இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போய், கொல்லைவாசல் அடுத்த தெருவில் திறக்கும். நட்சத்திரமும் கேமராவும் கூட்டமும் முகப்புப் பக்கமே இருப்பதால் காவல் ஆட்களும் அங்கேயே குவிந்துவிடுவார்கள். சாப்பாட்டு வண்டியும் பாத்திரங்களும் ஜெனரேட்டர் கேபிளும் போய்வருகிற கொல்லைவாசலில்தான் உண்மையான காவல் தேவை. இதை நாங்கள் முன்கூட்டியே வரைபடத்துடன் எழுதிக் கொடுத்து, அந்த வாசலுக்கு இரவும் பகலும் இருவர் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்திருந்தோம். வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது என்பதால், அவர்களின் பொருள்கள் வைத்துப் பூட்டிய அறைகளுக்கு யாரும் போகக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது.

முதல் நாள் காலையில் வேனிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தபோதே சந்தேகம் வந்தது. எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை. அது அப்போதுதான் பாலித்தீன் உறையிலிருந்து எடுத்ததுபோல நான்காக மடித்த தடத்துடன் இருந்தது. மெலிந்த ஒரு பையனுக்குக் கைப்பகுதி விரல் நுனிவரை தொங்கியது. தோளில் ஒட்டியிருந்த நிறுவனச் சின்னம் வியர்வையில் உரிந்து, அடியில் வேறொரு நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது. அடையாள அட்டை எவரிடமும் இல்லை. நம் ஊர்ப் பேச்சாக இருக்கிறதே என்று அந்தப் பையனிடம் விசாரித்தேன். “அண்ணே, கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலைன்னுதான் கூட்டியாந்தாக, இங்க வந்தப்புறம்தான் சட்டையக் குடுத்தாக” என்றான். ஒரு நாளுக்கு அவனுக்குப் பேசியிருந்த கூலி 400 ரூபாய். பகல் ஷிஃப்டில் நின்ற அதே ஆட்களை இரவிலும் நிறுத்தினார்கள் என்பதையும், ஆனால் எங்கள் கணக்கில் இரண்டு ஷிஃப்டுக்கும் தனித்தனி ஆட்களாகப் பெயர் எழுதியிருந்தார்கள் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டோம். முன்னாள் படைவீரர் ஒருவர்கூட வரவில்லை. உடனே சென்னைக்குப் பேசியபோது, நாளைக்குள் மாற்று ஆட்கள் வருவார்கள் என்றார்கள். அந்த நாளை கடைசிவரை வரவில்லை. முகப்பில் நட்சத்திரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்ட நிலையில் வேறு ஏற்பாடு செய்ய வழியும் இல்லை.

மேற்பார்வையாளராக வந்தவர் மட்டும் மிடுக்காக இருந்தார். அதுவே பெரிய தொல்லையாயிற்று. காக்கிச் சட்டை, தோள்பட்டையில் நட்சத்திரம், கையில் லத்தி என்று பார்ப்பவர் போலீஸ் என்றே நினைக்கும்படி வந்து நின்றார். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போலீஸ் அல்லது படையினரின் சீருடையையோ அதைப்போன்ற தோற்றமுள்ள உடையையோ காவலாளி அணிந்தால் அவருக்கும் நிறுவன உரிமையாளருக்கும் ஓராண்டுவரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இவர் தெருவில் போகிறவர்களை அதட்டினார். கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மாவை வேறு வழியாகப் போகச் சொன்னார். படம் எடுத்த ஒரு கல்லூரி மாணவனின் செல்போனைப் பிடுங்கி அதிலிருந்ததை அழித்தார். ஊர்க்காரர்கள் திரண்டு வந்து, இது யார் வீட்டுத் தெரு என்று கேட்டதில் அரை நாள் படப்பிடிப்பு நின்றது. அவர்கள் கேட்டது நியாயம். தனியார் காவலாளிக்குப் பிறர் செல்போனைப் பறிக்கவோ சோதனையிடவோ எந்த அதிகாரமும் கிடையாது. தன் கண்முன் ஜாமீனில் விடமுடியாத, வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் ஆளைப் பிடிக்கலாம், பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு சொல்கிறது, தனியார் காவலாளிக்கும் அந்த அதிகாரம் மட்டும்தான். பவுன்சர் கை வைத்தால் புகார் தயாரிப்பாளரின் பெயரையும் சேர்த்துத்தான் வரும்.

முகப்பில் இப்படி அதட்டல் நடந்துகொண்டிருக்க, கொல்லைவாசலில் நுழைவுக் கட்டணம் நடந்தது. நாயகியுடன் செல்ஃபி எடுக்க ஆளுக்கு 100 ரூபாய் என்று மேற்பார்வையாளரின் ஆள் ஒருவர் வசூலித்து உள்ளே விட்டிருக்கிறார். கதையின் பிற்பகுதியில் மட்டும் வரவேண்டிய ஒரு தோற்றம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றியது. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறை என்று 2023இல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தினார்களே, அதைப் பயன்படுத்தலாமே என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொன்னார்கள். அந்தப் பிரிவு படம் திரையிட உரிமம் பெற்ற இடங்களில் செய்யும் பதிவைப் பற்றியது; படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த செல்போன் படத்துக்கு அது பொருந்தாது. ஆகையால் தளத்தில் கசிவதைத் தளத்திலேயே தடுத்தால்தான் உண்டு, அந்த வேலைக்குத்தான் நாங்கள் பணம் கொடுத்திருந்தோம்.

லென்ஸ் காணாமற்போனது ஓர் இரவில். வளவை ஒட்டிய அறையில் கேமராப் பெட்டிகளை வைத்துப் பூட்டிச் சாவியை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது ஏற்பாடு. காலையில் கேமரா அசிஸ்டென்ட் பெட்டியைத் திறந்தபோது ஸ்பாஞ்சில் வெட்டிய இரண்டு குழிகள் காலியாக இருந்தன. அறைப் பூட்டு உடையவில்லை, பெட்டியின் தாழும் நெளியவில்லை. அதே நாளில் வீட்டுக்காரர்கள் பூட்டி வைத்திருந்த இன்னோர் அறையிலிருந்து எனாமல் அடுக்குகளும் சில பித்தளைச் சாமான்களும் போயிருப்பது தெரியவந்தது. விலையைக் கணக்கிட்டால் லென்ஸ்தான் பெரியது. ஆனால் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியாமற்போனது வீட்டு ஆச்சியிடம்தான். “சாமான் போனாப் போகுது தம்பி, யாரை நம்பிச் சாவியக் குடுத்தேன்னு பங்காளிங்க கேப்பாகளே, அதுக்கு என்ன சொல்றது?” என்று மட்டும் கேட்டார்.

ரோந்துப் பதிவேட்டைக் கேட்டோம். எல்லா இரவுகளுக்கும் ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனா, எல்லா மணியும் சரியாக 12.00, 1.00, 2.00, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எல்லாம் சரி’. பக்கத்தைப் புரட்டினால் அன்றைய இரவுக்கும், அதாவது இன்னும் வராத இரவுக்கும், காலை ஐந்து மணிவரை ‘எல்லாம் சரி’ என்று எழுதி முடித்திருந்தார்கள். அந்தப் பக்கங்களை உடனே படம் எடுத்துக்கொண்டதுதான் பிறகு காவல் நிலையத்தில் எங்களுக்கு உதவியது. பதிவேடு அன்று மாலையே காணாமற்போய்விட்டது.

நிறுவனத்தின் பதில் மூன்று கட்டமாக வந்தது. முதலில் விசாரிக்கிறோம் என்றார்கள். அடுத்து, பொருள்களை எண்ணிப் பட்டியலிட்டு ஒப்படைக்கவில்லை என்றார்கள். சாவி ஒப்படைப்பில் அவர்கள் ஆளே கையெழுத்திட்ட தாளைக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. கடைசியாக, வந்த ஆட்கள் உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுப்பியவர்கள், எங்கள் ஊழியர்களே அல்லர் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். மூன்று வாக்கியங்களில் எழுதிய அந்த மின்னஞ்சல், அவர்கள் எங்களிடம் எடுத்த பணம் எதற்கு என்ற கேள்வியைத் தொடவே இல்லை. கூலி கிடைக்காத பையன்கள் எங்களிடம் வந்து நின்றபோது நாங்களே கொடுத்து அனுப்பினோம். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு நாள் தூங்காமல் நிற்க வைத்தவர்கள் மேல்தான் இருக்கிறது.

காவல் நிலையத்தில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் பிறகு முதல் தகவல் அறிக்கையும் கிடைத்தன. பணியில் இருந்தவர்களின் பெயர், முகவரியைக் கேட்டபோது நிறுவனம் அனுப்பிய ஆதார் நகல்களில் இருந்த முகங்களில் ஒன்றுகூட நாங்கள் தளத்தில் பார்த்த முகம் இல்லை. உரிமத்தின் அசலைக் கேட்டபோதுதான் முக்கியமான விஷயம் வெளிவந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் ஒரு மாவட்டத்துக்கு மட்டும், ஐந்து மாவட்டங்கள்வரை, அல்லது மாநிலம் முழுவதற்கும் என்று மூன்று வகையில் தரப்படுகிறது. விண்ணப்பக் கட்டணமும் அதற்கேற்ப 5,000, 10,000, 25,000 ரூபாய். இவர்களிடம் இருந்தது ஒரே மாவட்டத்துக்கானது. காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில் அவர்கள் ஆள் நிறுத்தவே முடியாது. எங்களுக்கு அனுப்பிய நகலில் பெயரும் எண்ணும் முத்திரையும் தெளிவாக இருந்தன. மாவட்டத்தைக் குறிக்கும் வரி மட்டும் ஸ்கேனில் விழாதபடி தாளை மடித்திருந்தார்கள்.

வரி விஷயம் எங்கள் தணிக்கையாளர் கண்டுபிடித்தது. காவல் ஆட்களைத் தரும் சேவையில், சேவை தருபவர் கம்பெனியாகப் பதிவு பெறாதவராக இருந்து, பெறுபவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவராக இருந்தால், 2019 ஜனவரி 1 முதல் வரியைப் பெறுபவரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். இந்த நிறுவனம் பெயரளவில் பெரிதாக ஒலித்தாலும் உண்மையில் தனிநபர் உடைமை. அதைக் கண்டுபிடிப்பது எளிது: ஜி.எஸ்.டி. எண்ணின் மூன்றாவது இடத்திலிருந்து பான் எண் தொடங்குகிறது, அதனால் ஆறாவது எழுத்து ‘பி’ என்றால் தனிநபர், ‘சி’ என்றால் கம்பெனி. எங்களிடம் 18 விழுக்காட்டையும் வாங்கிக்கொண்டார்கள், அதே வரியைக் கட்ட வேண்டிய பொறுப்பும் எங்கள் தலையிலேயே இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பூட்டு உடைந்த அடையாளம் எங்கே என்றார். எங்கள் பாலிசியில் பலவந்தமாகப் புகுந்து திருடினால்தான் இழப்பீடு. காவலுக்கு அமர்த்தியவர்களே எடுத்ததாக இருந்தால் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று யோசித்தோம். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்காது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். ஆக, லென்ஸ் வாடகைக்குக் கொடுத்த யூனிட்காரருக்கு நாங்கள் ஈடு கட்டினோம். நிறுவனத்தின் மேல் காவல்துறை புகாரும், மாநில உரிமக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ஒரு மனுவும், பணத்துக்காக ஒரு சிவில் வழக்கும் நடந்துகொண்டிருக்கின்றன.

இப்போது நாங்கள் ஆள் அமர்த்தும்போது, உரிமத்தை முழுத் தாளாக, மாவட்டமும் காலக்கெடுவும் தெரியும்படி வாங்குகிறோம். உரிமம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். வரப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியல், சட்டப்படி அவர்களிடம் இருக்க வேண்டிய புகைப்பட அடையாள அட்டை, பயிற்சிச் சான்று ஆகியவை வேன் கிளம்பும் முன்பே கைக்கு வர வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. அப்படிப் பயின்றவன் தன் சான்றைக் கேட்டால் திகைக்க மாட்டான். காவல் பணியை வேறொருவருக்கு உள் ஒப்பந்தமாக விடக் கூடாது என்ற விதியும், மீறினால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. கேமராப் பெட்டி வைத்த அறையின் சாவி இனி எந்தக் காவல் நிறுவனத்திடமும் போகாது. யூனிட்டின் ஆள் ஒருவர் அந்த அறையிலேயே படுக்கிறார், அதற்குத் தனி பேட்டா. தெருவில் கூட்டம் கூடும் காட்சிகளுக்குக் கட்டணம் கட்டிப் போலீஸ் பந்தோபஸ்து கேட்டுவிடுகிறோம். செலவு கொஞ்சம் கூடத்தான் செய்கிறது.

அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், பொள்ளாச்சிப் பக்கம் நடக்கவிருக்கும் படப்பிடிப்புகளுக்கு விலைப்புள்ளி அனுப்பி வருகிறார்கள் என்று இரண்டு மேனேஜர்கள் என்னிடம் சொன்னார்கள். தாளின் வாசகமும் தொகையும் எங்களுக்கு வந்தவையே. 1,400 ரூபாய், பாதி முன்பணம், பாதிப்பேர் முன்னாள் படைவீரர்கள், உரிம நகலில் நடுவே ஒரு மடிப்பு. உங்கள் கைக்கு அப்படி ஒன்று வந்திருந்தால் பணம் அனுப்பும் முன் அந்த மடிப்பை விரித்த நகலைக் கேளுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் ரசீதுடன் உரிமக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதினால் எங்கள் மனுவுக்கும் வலு சேரும்.