சமரசப் பயிற்சியில் நான் சொன்ன ரகசியம் மேலாளர் மேசைக்குப் போனது

அலுவலகச் சண்டையைத் தீர்க்க வெளியிலிருந்து மத்தியஸ்தப் பயிற்சியாளரை அழைக்கப்போகிறவர்களும், அந்த வகுப்பில் உட்காரப்போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் வேலைப் பங்கீடு தொடர்பாக எனக்கும் சக ஊழியர் ஒருவருக்கும் நீண்ட நாள் புகைச்சல். நிர்வாகம் ஒரு பயிற்சி நிறுவனத்தைக் கூட்டிவந்தது. வந்தவர் முதலில் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். தாமஸ், கில்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974-இல் வகுத்த, மோதலை எதிர்கொள்ளும் ஐந்து விதங்கள் பற்றியது. நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி "நீ ஒதுங்குகிற ஆள்", "நீ மோதுகிற ஆள்" என்று முத்திரை குத்தியதோடு சரி.

பிறகுதான் அநியாயம் நடந்தது. கற்பனை வழக்கை வைத்துப் பயிற்சி செய்வதுதான் முறை. அவரோ எங்கள் இருவரையும் முன்னால் அழைத்து, "உங்கள் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம்" என்றார். சம்மதமா என்று கேட்கவில்லை. அடுத்து ஒவ்வொருவரிடமும் தனியறையில் பேசினார். இங்கே பேசுவது வெளியே போகாது என்று உறுதி கொடுத்தார். வேறு வேலை தேடிக்கொண்டிருப்பதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நாளில் அடுத்த திட்டத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டபோது மேலாளர் பயிற்சியாளரின் அறிக்கையைக் காட்டினார். நான் சொன்னது வரிக்கு வரி அதில் இருந்தது.

தனிச்சந்திப்பில் "வெளியே சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டதை எதிர்த்தரப்பிடம்கூட மத்தியஸ்தர் சொல்லக்கூடாது. வணிகத் தகராறுகளுக்கென ஐ.நா. ஆணையம் 2002-இல் தந்து 2018-இல் திருத்திய மாதிரிச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இவர் சம்பளம் கொடுத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்! பயிற்சியாளர், மத்தியஸ்தர், நிர்வாகத்தின் கண் என்று மூன்று வேடமும் ஒரே ஆளுக்கு இருந்தால் யாருக்குப் பாதுகாப்பு?

சான்றிதழும் ஏமாற்று. "சிங்கப்பூர் உடன்படிக்கைப்படி அங்கீகாரம்" என்று அச்சிட்டிருந்தார்கள். 2019-இல் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, நாடு கடந்த வணிகத் தகராறுகளில் சமரசமாக எட்டிய ஒப்பந்தங்களை மற்ற நாடுகளில் நிறைவேற்றுவதற்கானது. பயிற்சியாளர் யாருக்கும் அது அங்கீகாரம் தருவதில்லை. தொழிலாளர் சட்டம் சார்ந்த ஒப்பந்தங்களை அது வெளிப்படையாகவே விலக்குகிறது. உலகம் முழுக்கச் செல்லும் மத்தியஸ்தர் உரிமம் என்று எதுவும் கிடையாது. பல இடங்களில் அடிப்படைப் பயிற்சிக்கே 40 மணி நேரம் கேட்பார்கள். அதில் முக்கியமான பகுதி, அனுபவசாலி ஒருவர் பக்கத்திலிருந்து கவனித்துத் திருத்த, நாமே நடித்துப் பார்ப்பது.

ஆகவே கட்டணம் பேசும்போதே, வகுப்பு முடிந்ததும் நிர்வாகத்துக்கு என்ன எழுதித் தருவார்கள் என்று கேளுங்கள். பதிலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். உண்மையான தகராறை வகுப்பில் எடுக்கமாட்டோம் என்பதும் அதில் இருக்கட்டும். ஊழியராக இருந்தால், அந்தத் தாளைப் பார்க்காமல் தனியறைக்குள் போகாதீர்கள்.

குறிப்புகளை அழிக்கச் சொல்லி அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அதே பயிற்சியாளர் இப்போது தனிநபர்களுக்கும் குடும்பத் தகராறு வகுப்பு எடுக்கிறார்.