காலில் கட்டுடன் வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு: வாடகை வீல்சேர், 'ஹோம் பிசியோ' பேக்கேஜ்

மாவுக்கட்டு அறையிலிருந்து வெளியே வரும்போது யாராவது உங்கள் கையில் விசிட்டிங் கார்டைத் திணித்து, "வீல்சேர், க்ரட்ச், பிசியோ எல்லாம் வீட்டுக்கே வந்துடும்மா, நீங்க அலைய வேண்டாம்" என்று சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு அழைப்பதானால் இந்தப் பதிவை முழுக்கப் படித்துவிட்டு அழையுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை, இதே மாதிரி வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

எனக்கு உடைந்தது இடது பாதத்தின் வெளிப்பக்க எலும்பு. சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் ஐந்தாவது மெட்டாடார்சல். சென்னையில் மழைநீர் வடிகால் மூடி ஒன்று சரியாக உட்காராமல் ஆடியது, கால் மடங்கியது, அவ்வளவுதான். 'ஜோன்ஸ் முறிவு' என்றார் டாக்டர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் நடனமாடியபோது தன் காலையே இப்படி உடைத்துக்கொண்டு, அதைப் பற்றி 1902-இல் கட்டுரையும் எழுதியிருக்கிறார். அவருக்காவது நடனம், நமக்கு வடிகால் மூடி. எலும்பில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் கூட நாளாகும், சிலருக்குக் கூடாமலே போய் ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும். ஆறு வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறித்தான் உள்ளே போனேன். கணவருக்கு ஆபீஸ், பிள்ளைக்குப் பரீட்சை, அத்தைக்கு முழங்கால் வலி. யார் கடை கடையாக ஏறி இறங்குவது? கார்டில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினதும் பதில் வந்துவிட்டது. பளபளவென்று வீல்சேர் படங்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒரு பாட்டியின் காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம்.

வீல்சேர் மாத வாடகை 1,500. க்ரட்ச் 400. டெபாசிட் 6,000. பதினைந்து முறை வீட்டுக்கு வரும் பிசியோவுக்கு 9,000. "பேக்கேஜா எடுத்தா டெபாசிட்ல ஆயிரம் குறைச்சுக்கலாம் மேடம். இன்னைக்கே ஜிபே பண்ணிட்டா நாளைக்குக் காலைல பொருள் வீட்ல இருக்கும். எல்லாமே இன்சூரன்ஸ்ல கிளைம் பண்ணிக்கலாம்." ஆக மொத்தம் 15,900 ரூபாய். பொருளைக் கண்ணால் பார்க்குமுன் மொத்தமும் போய்விட்டது. பில் கேட்டதற்கு, "மாசக் கடைசில சேர்த்துத் தர்றோம் மேடம்."

இன்சூரன்ஸ் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். வாக்கர், க்ரட்ச் போன்ற நடைக்கருவிகள் பெரும்பாலான பாலிசிகளில் 'கொடுக்கப்படாத செலவு' பட்டியலில் இருக்கின்றன. பில் இருந்தாலே கிடைப்பது சந்தேகம். பில்லே இல்லாமல் எங்கே போய்க் கேட்பது?

மறுநாள் பொருள் வந்தது. வீல்சேரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் குளியலறைக் கதவு இரண்டடி அகலம், வீல்சேர் அதைவிட அகலம், உள்ளே நுழையாது. ஹாலில் இருந்து படுக்கையறை வரை மட்டும் ஓட்டிக்கொள்ளலாம். அந்தத் தூரத்துக்கு யாருக்கு வீல்சேர் வேண்டும்? திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், "மினிமம் ஒரு மாசம் மேடம்." துவைத்த துணியைப் போட்டு வைக்க உதவியது. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் வீல்சேர் எடுக்குமுன் குளியலறைக் கதவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளவைக் கேட்டு அனுப்புகிற கடைக்காரரும் இருக்கிறார், எங்களுக்குக் கிடைத்தவர் அவரில்லை.

க்ரட்ச்தான் விஷயம். ஜோடி என்று வந்த இரண்டும் ஜோடியே இல்லை. ஒன்றில் உயரத்தை மாற்ற அமுக்குகிற பட்டன், இன்னொன்றில் திருகு. இரண்டையும் எந்தத் துளையில் வைத்தாலும் ஒரே உயரத்துக்கு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடியைப் புரட்டிப் பார்த்தேன். ரப்பர் புஷ்ஷின் அடியில் வட்ட வட்டமாக வரிப்பள்ளம் இருக்க வேண்டும், அதுதான் தரையைப் பிடிக்கும். இதில் வழுவழுவென்று தேய்ந்து, ஒரு ஓரத்தில் அலுமினியக் குழாயின் விளிம்பே வெளியே எட்டிப் பார்த்தது. புஷ்ஷைக் கழற்றினால் உள்ளே செய்தித்தாளை மடித்துச் சொருகியிருந்தார்கள், லூசாக ஆடாமல் இருக்க. பிரித்தால் ஏதோ நகைக்கடை விளம்பரத்தில் பாதி.

கொண்டுவந்த பையனிடம் காட்டினேன். "அக்கா, நான் டெலிவரி மட்டும்தான். நீங்க ஆபீஸ்ல பேசிக்கங்க" என்று ஒரு தாளை நீட்டினான். பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. 'ரப்பர் புஷ் தேய்ந்துள்ளது, இரண்டு க்ரட்ச்சும் வேறு வேறு' என்று தமிழில் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளையும் புஷ்ஷையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். யார் வீட்டில் எந்த வாடகைப் பொருள் வந்து இறங்கினாலும் இதைச் செய்யுங்கள். பின்னால் எனக்குப் பணம் திரும்பி வந்தது அந்த ஒரு வரியால்தான்.

மாற்றி அனுப்புகிறோம், நாளைக்கு, நாளை மறுநாள், திங்கட்கிழமை என்று இழுத்தார்கள். அதற்குள் பாத்ரூம் வாசலில் ஈரத்தில் ஒரு க்ரட்ச் சர்ரென்று வழுக்கியது. பக்கத்தில் இருந்த வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டதால் கட்டுப் போட்ட கால் தரையில் படாமல் தப்பியது. அன்று சாயங்காலமே கீழ்வீட்டு அங்கிள் சர்ஜிக்கல் கடைக்குப் போய்ப் புது க்ரட்ச் ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டார். ஆயிரம் ரூபாய்க்குள். டெபாசிட்டில் ஐந்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. புஷ் மட்டும் வேண்டுமென்றாலும் தனியாகக் கிடைக்கும், ஒன்று ஐம்பது ரூபாய்.

அளவு வைப்பதையும் அந்த அங்கிள்தான் டாக்டரிடம் போனில் கேட்டுச் செய்து கொடுத்தார். நேராக நின்றால் அக்குளுக்கும் க்ரட்ச்சின் மேல் திண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி இடுப்பெலும்பு உயரத்தில், முழங்கை லேசாக மடங்கியிருக்கும்படி இருக்க வேண்டும். உடம்பின் பாரம் உள்ளங்கையில்தான் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கிக்கொண்டு நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிப் போகக்கூட வாய்ப்புண்டு. வாடகைக்குக் கொடுக்கிற கடையில் இதைச் சொல்லித் தர ஒரு ஆள் வேண்டாமா? படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது க்ரட்ச்சும் அடிபட்ட காலும் முதலில். எனக்கு இது பழகும்வரை உட்கார்ந்து நகர்வதே மேலாக இருந்தது. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு கையும் க்ரட்ச்சுக்குப் போய்விட்டால் ஒரு டம்ளர் காபியைக்கூட ஹாலுக்கு எடுத்து வர முடியாது. ஃபிளாஸ்க்கில் ஊற்றி, மஞ்சப்பையில் போட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். போன், மாத்திரை, சாவி எல்லாம் அதே பைதான். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலை வைக்க எதிரில் ஒரு ஸ்டூல், கட்டின் மேல் பெரிய பாலித்தீன் பை, மேலே டேப். ஃபைபர் கட்டு தண்ணீருக்குக் கரையாது என்று நம்பி நனைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு ஈரமாகவே கிடந்து தோல் ஊறிப் புண்ணாகிவிடும். வாடகைக் கடையில் 'கட்டு கவர்' என்று 750 ரூபாய்க்கு ஒன்று தள்ளப் பார்த்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் அந்த பிசியோ. சூட்கேஸுடன் ஒரு தம்பி வந்தார். அதில் கரண்ட் வைக்கிற மெஷின். பாதம் முழுக்கக் கட்டுக்குள் இருக்கிறது, எங்கே வைப்பார்? தொடையில் நாலு பேடை ஒட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கத்தியதும் கழற்றிக்கொண்டு கிளம்பினார். அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறை, "கொஞ்சம் கொஞ்சமா ஊன்றிப் பாருங்க மேடம், இல்லேன்னா கால் அப்படியே மரத்துப் போயிடும்" என்றார். எனக்குப் பகீரென்றது. ஊன்றவே கூடாது என்று எழுதியிருந்த டிஸ்சார்ஜ் தாளைக் காட்டினேன். அதை அவர் அதுவரை பார்க்கவே இல்லை, கேட்கவும் இல்லை.

"தம்பி, நீங்க பிசியோதெரபி டிகிரி (பி.பி.டி.) முடிச்சிருக்கீங்களா?"

"நான் டெக்னீசியன் மேடம். சார்தான் பிசியோ."

அந்த சாரை நான் கடைசிவரை பார்க்கவில்லை. பிசியோதெரபி என்பது நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படிக்கிற பட்டப்படிப்பு. எந்த எலும்புக்கு எந்த வாரத்தில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதுதான் அதில் முக்கியமான பாடமே. மெஷினை மாட்டக் கற்றுக்கொண்ட ஒருவரை அனுப்பிவிட்டு முழுக் கட்டணம் வாங்குவது எந்த ஊர் நியாயம்? அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அனுப்பியவர்கள் மேல்தான்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொன்னபோது, "கட்டு இருக்கிறப்போ இந்த மெஷின் எதுக்கும்மா?" என்றார். கட்டு இருக்கும்வரை செய்ய வேண்டியதை அவரே செய்து காட்டினார்: கால் விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுவது, முழங்காலை மடக்குவது, காலை நேராகத் தூக்கி இறக்குவது, படுக்கும்போது தலையணை வைத்துப் பாதத்தை நெஞ்சு உயரத்துக்கு மேல் வைப்பது. எல்லாம் இலவசம். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே வரச் சொன்னார். பிசியோவின் வேலை பெரும்பாலும் கட்டைப் பிரித்த பிறகுதான், விறைத்துப்போன கணுக்காலை மறுபடி அசைய வைக்கத்தான். அதற்குள் முன்பணம் கொடுத்த பேக்கேஜில் பாதி கரைந்திருக்கும். அதுதான் கணக்கு.

பேக்கேஜை நிறுத்தச் சொன்னேன். "நான்-ரீஃபண்டபிள் மேடம், கார்டுலயே போட்டிருக்கு." கார்டில் அப்படி ஒன்றும் இல்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு டெபாசிட்டில் 1,200 மட்டும் வந்தது. மீதிக்கு ஸ்க்ராட்ச், கிளீனிங், பிக்கப் சார்ஜ், புஷ் தேய்மானம். ஆமாம், புஷ் தேய்மானம்!

1915-க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். கூடவே, படங்களையும் ஜிபே ரசீதுகளையும் இணைத்து, கடை முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவையை நிறுத்தச் சொல்லியும், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். இந்த இரண்டையும் கடிதத்தில் எழுதினேன். டெபாசிட் முழுதும் வந்துவிட்டது. பேக்கேஜில் வராத நாட்களுக்கான பணம் இன்னும் வரவில்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாக மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நடுவில், கடையைப் பற்றி நான் இணையத்தில் போட்டிருந்த ரிவ்யூவைப் பார்த்துவிட்டு அவர்களிடமிருந்து ஒரு செய்தி: "ரிவ்யூவை எடுத்துட்டீங்கன்னா மீதியைப் பேசிக்கலாம் மேடம்." அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மனுவோடு சேர்த்துவிட்டேன்.

க்ரட்ச், வாக்கர் தேவைப்பட்டால் முதலில் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். பாதிப் பேர் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும். இல்லையென்றால் விலைக்கே வாங்கிவிடுங்கள். பிசியோவுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனிப் பிரிவே இருக்கிறது. வெளியே போகவே முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோ செய்வதும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தனியாரிடம்தான் போவது என்றால் ஒவ்வொரு முறைக்கும் அன்றன்றைக்குப் பணம் கொடுங்கள், வருபவரின் படிப்பை வாசலிலேயே கேளுங்கள், டாக்டர் எழுதிய தாளை அவர் படித்த பிறகு காலைத் தொடவிடுங்கள்.

யாருக்காவது கடிதத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், என்னுடையதில் பெயர், முகவரியை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.