தங்கச்சிமடத்து மல்லிப் பதியன்: வாங்கலாமா?

வாங்கலாம். நர்சரியில் பிளாஸ்டிக் பையில் வைத்து விற்கும் ஒரு மல்லிச் செடியின் விலைக்கு இங்கே ஏழெட்டுப் பதியன் (வேர் விட்ட நாற்று) கிடைக்கும். ஆனால் விலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது தங்கச்சிமடம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோட்டங்களுக்கு நாற்று காலங்காலமாக இந்தத் தீவிலிருந்து போகிறது என்பது பூ வைக்கிற பலருக்குத் தெரியாது. நான் பதியன் வாங்கிய குடும்பத்துக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தாத்தா காலத்துத் தோட்டம். இப்போது பேரன் பார்க்கிறார். ஆனால் எந்தச் செடியில் குச்சி வெட்டலாம் என்பதை இன்றும் அப்பத்தாதான் சொல்கிறார்.

அது சும்மா மரியாதைக்கு இல்லை. குண்டுமல்லி விதை கட்டுவது அபூர்வம். குச்சி நட்டும் பதியன் போட்டும்தான் பெருக்க வேண்டும். தாய்ச்செடி எப்படியோ அப்படியேதான் பிள்ளைச் செடியும் வரும். இலை வெளுத்தது, மொட்டு சிறுத்தது, செம்பேன் விழுந்தது எதிலும் அப்பத்தா கத்தியை வைக்க விடுவதில்லை. "அது பூக்கும் டீச்சர், ஆனா நாலு பேருக்குக் கொடுக்கிற செடி இல்ல" என்றார். பையில் விற்பவர்களிடம் தாய்ச்செடி எது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

தென்னை நிழலில் மணல் பாத்தி. அதில் குச்சிகளை நெருக்கமாக நட்டிருக்கிறார்கள். மணல் என்பதால் வேர் அறுபடாமல் பிடுங்க வருகிறது. நூறு நூறாகக் கட்டி, ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறார்கள். நூற்றுக்கு நான்கைந்து கூடுதலாகவே இருக்கும்.

குறைகளும் உண்டு. போனை எடுக்க மாட்டார்கள். விடியுமுன் பூப் பறிப்பு, அப்புறம் சந்தை, அதனால் மதியத்துக்கு மேல்தான் பேச முடியும். பில் கிடையாது. நடுவது பற்றித் தாளில் எழுதித் தந்தால் நன்றாக இருக்கும், எல்லாம் வாய்மொழிதான். பஸ் பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள். என் இரண்டாவது கட்டு வழியில் எங்கோ வெயிலில் கிடந்து, பாதி கருகி வந்தது. தோட்டத்தின் மேல் தப்பில்லை, ஆனாலும் கால்வாசிப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள். நான் கேட்கவில்லை.

காளையார்கோவிலில் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட்டில், நான்கடிக்கு நான்கடி, குழிக்கு இரண்டு பதியன் வைத்தேன். நேரில் போய் எடுத்து வந்த கட்டில் ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளித்தது. படம் அனுப்பினேன். அன்னபேதி (இரும்புச் சத்து உப்பு) லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து தெளிக்கச் சொன்னார்கள், தேறிவிட்டது. நவம்பர் கடைசியில் கவாத்து பண்ண, அதாவது கிளைகளை வெட்டிவிடச் சொல்லி அவர்களே கூப்பிட்டார்கள். விற்ற பிறகும் நினைவு வைத்துக் கூப்பிடுகிற கடை எனக்கு வேறு தெரியாது. மொட்டு தடிமனாக, காம்பு நீளமாக இருக்கிறது. கட்டுவதற்குச் சுகம். காலையில் பறித்தது இரவுதான் விரிகிறது.

ஜாதிமல்லி, அடுக்குமல்லி கேட்டுப் போகாதீர்கள், குண்டுமல்லி ஒன்றுதான். ஜூன் முதல் நவம்பருக்குள் நடுகிற மாதிரி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நூற்றுக்குக் குறைத்துக் கட்டைப் பிரிக்க மாட்டார்கள். மொட்டைமாடியில் இரண்டு தொட்டி வைக்கிறவர்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வாங்குங்கள்.