நல்ல வேலையிடத்தில் தொழிற்சங்கமா, ஊழியர் குழுவா?

சம்பளம், லீவு, மேலாளர் எல்லாமே நன்றாக இருக்கும்போது சங்கம் எதற்கு என்றுதான் பலரும் தயங்குகிறார்கள்.

செலவு: ஊழியர் குழு என்பது நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும் ஊழியர் பிரதிநிதிகள்; அதற்குக் காசு வேண்டாம். சங்கத்துக்குச் சந்தா உண்டு.

எளிமை: குழுவை நிர்வாகமே கூட்டிவிடும். சங்கத்துக்கு ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் வேலையில் குறை சொல்ல எதுவுமே இல்லாதவரிடம் "இங்கே எதை இழக்கவே கூடாது?" என்று கேட்டுத்தான் தொடங்க முடியும்.

உறுதி: இங்கேதான் பெரிய வித்தியாசம். குழு கேட்டு வாங்கிய சலுகையை, மேலாளர் மாறினால் எளிதாக எடுத்துவிடக்கூடும். சங்கம் எல்லா ஊழியர்களுக்குமாக நிர்வாகத்தோடு எழுத்தில் போடும் கூட்டு ஒப்பந்தமோ பெரும்பாலும் அதன் காலம் முடியும்வரை இரு தரப்பையும் கட்டும்.

கேன்டீன், ஷிப்ட் மாதிரி அன்றாட விஷயங்களுக்குக் குழு போதும். இருக்கிற நல்லதை எழுத்தில் உறுதியாக்க வேண்டுமென்றால் சங்கம்தான், அதையும் உறவு சுமுகமாக இருக்கும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.