டீ பிளாஸ்க்கோடு வருகிற ‘டாக்டர்’: எருமை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீரவநல்லூர், சேரன்மகாதேவி பக்கம் எருமை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் தெருவிலும் சொல்லுங்கள். பைக்கில் வந்து சினை ஊசி (காளையின் விந்தை உள்ளே செலுத்துவது) போடும் ஒரு ஆளை நம்பி எங்கள் வீட்டில் 10 மாதம் வீணாய்ப் போனது. காசைக்கூட விடுங்கள், எருமை பட்ட பாடுதான் பெரிது.

எங்களுடையது முர்ரா இனக் கலப்பு. போன ஆவணியில் மூன்றாவது கன்று போட்டது. விடியக்காலம் 3 மணிக்கு ஈன்றது, மதியம் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. “பதறாத, சாயங்காலம் வரைக்கும் பாரு” என்றார் அத்தை. நான்தான் கேட்காமல் அந்த ஆளுக்கு போன் பண்ணினேன். தெருவில் எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிடுவார்கள், அவரும் மறுத்ததில்லை. வந்தார், சட்டைக் கையை மடக்கினார், ஒரு சோப்புகூடப் போடாமல் கையை உள்ளே விட்டுப் பிய்த்துப் பிய்த்து இழுத்தார். 700 ரூபாய். “எல்லாம் வந்துட்டு மதினி” என்றார்.

எல்லாம் வரவில்லை. கொடி கருப்பையோடு பொத்தான் பொத்தானாகக் கோத்திருக்கும். வம்பாக இழுத்தால் துண்டு துண்டாக உள்ளே தங்கி அழுகும். தொங்குகிற கொடியில் கல்லைக் கட்டிவிடுவதும் இதே கேடுதான், எங்கள் ஊரில் இன்னும் செய்கிறார்கள். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, காய்ச்சல் இருக்கிறதா பார்த்து மருந்து கொடுப்பதுதான் முறை. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது.

பத்து நாளில் தொழுவத்தில் நாற்றம். ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லை. காலையில் எருமை எழுந்த கல்தளத்தைப் பார்த்தால் கஞ்சியைக் கொட்டினது மாதிரி இருக்கும், நடுவில் மஞ்சள் திப்பி. அவரிடம் காட்டினேன். “பருவத்துக்கு வந்திருக்கு, விடக்கூடாது” என்று 35-ஆம் நாளே ஊசி போட்டார். கன்று போட்ட பின் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வரவே ஒன்றரை மாதம் ஆகும், 60 நாளாவது தாண்டித்தான் சினைக்கு விட வேண்டும். பருவ நீர் என்றால் கண்ணாடி மாதிரி தெளிவாக இழையோட வேண்டும். கலங்கல் இருந்தால் உள்ளே சீழ் என்று அர்த்தம், அதில் ஊசி போட்டு என்ன பிரயோசனம்?

அந்த பிளாஸ்க்கைச் சொல்ல வேண்டும். அசல் டீ பிளாஸ்க். மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ்கட்டி, அதற்குள் குச்சி. காளை விந்தை உறையவைத்து அடைத்த உறைவிந்துக் குச்சி, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டிய சாமான். அந்தக் கலனைத் திறந்தால் வெள்ளையாய் ஆவி கிளம்பும். எடுத்த குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் வைத்துவிட்டு உடனே போட வேண்டும். ஐஸில் கிடந்தது எப்பவோ செத்திருக்கும். குச்சியின் மேல் காளை எண் அச்சிட்டிருக்கும், அதை ஒரு சீட்டில் குறித்துத் தரச் சொல்லிக் கேட்டிருந்தாலே ஆள் மாட்டியிருப்பார். கேட்கவில்லை.

மார்கழி வரைக்கும் 4 ஊசி, தடவைக்கு 500. தையில் வந்தவர் வயிற்றை வெளியே தட்டிப் பார்த்துவிட்டு, “சினை மதினி, ஐப்பசியில கன்னு” என்றார். 7 லிட்டர் கறந்தது 2 லிட்டருக்கு வந்ததற்கும் அதையே காரணமாகச் சொன்னார். சினைக்கு வலு ஊசி என்று இன்னொரு 1500. அத்தை மட்டும் நம்பவில்லை. “கால்வாயில இறங்குறதப் பாத்தா சினையெருமை மாதிரியா இருக்கு?” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனியில் ஊருக்கு வந்த முகாமில் டாக்டரம்மா கையுறை போட்டு உள்ளே பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “காலிம்மா. கருப்பை தடிச்சிருக்கு, சீழ் இருக்கு.” பரிசோதனை தெரிந்தவர் இரண்டு, இரண்டரை மாதத்திலேயே கைவைத்துச் சொல்லிவிடுவார். நான் ஆறு மாதம் சினை மாடு என்று பருத்திக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

கருப்பையிலிருந்து வந்த கழிவை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துத்தான் வைத்தியம் ஆரம்பித்தார்கள். கூடவே தாது உப்புக் கலவை தினமும். நீங்கள் ஆள் தேடி அலைய வேண்டாம், 1962-க்கு அடித்தால் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது.

அந்த ஆளிடம் காசைக் கேட்டேன். “எருமைன்னா அப்படித்தான், ஊமைப் பருவம்” என்று என்னிடமே பாடம் எடுத்தார். எருமைக்கு ஊமைப் பருவம் உண்டுதான். கத்தாது, மாடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. இரவிலும் விடியலிலும்தான் கொஞ்சம் தெரியும், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. அந்த உண்மையை வைத்துத்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. போன வாரம் பக்கத்துத் தெருவில் அதே பிளாஸ்க்கோடு பார்த்தேன்.

வைத்தியத்துக்குப் பிறகு முதல் பருவத்தை விட்டுவிடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா, விட்டாயிற்று. இன்று காலை 5 மணிக்கு டார்ச் அடித்துக் கல்தளத்தைப் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு இழை, திப்பி இல்லை. போன் பண்ணினேன், சாயங்காலம் வருகிறேன் என்றிருக்கிறார்.