புரொஜெக்டரா, அட்டையா? பந்தலூர் மழையில ரெண்டையும் வச்சுப் பாடம் எடுத்த அனுபவம்

போன வருஷம் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் இருக்குற எங்க ஸ்கூல்ல படிச்ச ஒருத்தர் வந்து 40,000 ரூபாய் தர்றேன், பிள்ளைங்களுக்கு உபயோகமா ஏதாவது வாங்குங்க டீச்சர்னு சொன்னாரு. அன்னிக்கே ஸ்டாஃப் ரூம்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பழுதாகிக் கிடக்குற புரொஜெக்டருக்குப் பதிலா புதுசு ஒண்ணு, கூடவே ஸ்கிரீன், யுபிஎஸ் வாங்கலாம்னு ஒரு பக்கம். லேமினேஷன் மெஷின், எழுத்தும் சொல்லும் எழுதிப் பிள்ளைங்க கையில கொடுக்குற அட்டை, எண்றதுக்குப் பொருளுங்க, தகர டப்பா, ஒரு இரும்பு பீரோ வாங்கலாம்னு இன்னொரு பக்கம். நான் ரெண்டாவது பக்கம், கடைசியில அதைத்தான் வாங்கினோம். மூணாங்கிளாஸுக்குத் தமிழும் கணக்கும் எடுக்குறேன், ரெண்டு வழியிலயும் எடுத்துப் பார்த்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

எதை வாங்கலாம்னு பேசுறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு என்ன வரலைன்னு தெரியணும்ல, அதுலயே ரெண்டு வழி இருக்கு. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுத்து மார்க் போடறது ஒண்ணு, ஒவ்வொரு பிள்ளையா பக்கத்துல உட்கார வச்சு வாயால கேக்குறது இன்னொண்ணு. கேள்வித்தாள் ஒரு பீரியட்ல முடிஞ்சுரும், உட்கார வச்சுக் கேட்டா 24 பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் ஓடிரும். இருந்தும் நான் உட்கார வச்சுக் கேக்குறதைத்தான் சொல்லுவேன். காரணம் ஒரு பையன்.

படத்தைப் பார்த்துப் பேர் எழுதுன்னு ஒரு கேள்வி. பலாப்பழப் படத்துக்குக் கீழ அவன் 'சக்க'ன்னு எழுதியிருந்தான். விடைக்குறிப்புப்படி தப்பு, நானும் சிவப்பு மையில சுழிச்சுட்டேன். நம்ம தமிழ்ல சக்கைன்னா சாறு புழிஞ்சப்புறம் மிஞ்சுறது. ஆனா எங்க பக்கம் மலையாளம் பேசுற வீடுங்க நிறைய, அங்க பலாவுக்குப் பேரே சக்கதான். பக்கத்துல உட்கார வச்சு அந்தப் படத்தையே காட்டிக் கேட்டேன். எந்த மரத்துல பழுத்திருக்கு, அந்த வாசத்துக்கு யானை ராத்திரி எந்த வழியா இறங்கும், கொட்டையைச் சுட்டா எப்படி உரிக்கணும்னு அஞ்சு நிமிஷம் விடாம பேசுறான். எழுத்தும் அவனுக்கு வந்திருந்துச்சு, நடுவுல க் மேல புள்ளி கூட சரியா வச்சிருந்தான். அவனுக்கு வராதது புத்தகத்துல இருக்குற சொல்லு மட்டும்தான். கேள்வித்தாள் என்ன பண்ணுச்சுன்னா அவனையும் 'க'வே அடையாளம் தெரியாத பிள்ளையையும் ஒரே முட்டை மார்க்ல கொண்டுபோய் உட்கார வச்சிருச்சு. பணியர்ங்கிற பழங்குடி வீட்டுப் பிள்ளை, இலங்கையிலேருந்து திரும்பி வந்து அரசாங்கத்தோட டான்டீ தேயிலைத் தோட்டத்துல குடியேறினவங்க வீட்டுப் பேரப்பிள்ளை, மலையாளம் பேசுற வீட்டுப் பிள்ளைன்னு எல்லாரும் ஒரே பெஞ்சுல இருக்குற ஊர்ல இது ரொம்பப் பெரிய தப்பு.

அப்படிக் கேட்டு முடிச்சப்போ 24ல 9 பேருக்கு எழுத்தே தடுமாற்றம், 8 பேர் சொல்லு வரைக்கும் வந்து வரியில நின்னுடறாங்க, 7 பேர் சரளமா வாசிக்கிறாங்க. 2022ல தமிழக அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறாங்கல்ல, கிட்டத்தட்ட அதே கதைதான். இந்தப் பட்டியல் கையில வந்ததும் பாதி முடிவு தானா ஆயிடுச்சு. புரொஜெக்டர் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் காட்டும், எல்லாருக்கும் ஒரே வேகத்துல. எனக்கு ஒரே நேரத்துல மூணு பாயில மூணு வேலை நடக்கணும். அட்டையை மூணு கட்டாப் பிரிச்சுக் கொடுத்துட்டு நான் அரும்பு பாயில உட்கார்ந்துக்கலாம். அட்டை நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல, 2007-08 வாக்குல ஏபிஎல்னு சொல்ற செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தப்போ ரேக்குலேருந்து பிள்ளைங்களே அட்டை எடுத்துப் படிச்சதை அப்போ வேலையில இருந்த டீச்சருங்க இன்னும் சொல்லுவாங்க.

புரொஜெக்டருக்கு இருக்குற நல்லதை மறைக்கல. கலர், சத்தம், பிள்ளைங்க ஆசையா உட்கார்றது, நமக்குப் படம் வரையுற வேலை மிச்சம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நகர்ற விஷயத்துக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. கடலைப் பார்க்காத பிள்ளைங்க என் கிளாஸ்ல பாதிப் பேர், அலை வந்து திரும்பிப் போறதை நான் சாக்பீஸால எத்தனை கோடு போட்டாலும் காட்ட முடியாது. வீடியோவுல ஒரு அலை கரைக்கு வந்து உடைஞ்சப்போ முன் பெஞ்சுல இருந்த ரெண்டு பேரு காலை மேல தூக்கிக்கிட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடா என்கிட்ட அட்டை எதுவும் இல்ல.

அப்புறம் ஏன் அட்டைன்னா, பராமரிப்பு. நான் பார்த்த வரைக்கும் இந்த ஒரு விஷயத்தை யோசிக்காமத்தான் நிறைய பேர் முடிவு எடுக்குறாங்க.

எங்க பக்கம் ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழை எப்படின்னு தேவாலா பக்கம் ஒரு தடவை வந்தவங்களுக்குத் தெரியும். மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் எப்போ வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கூல் தொறந்து பிள்ளைங்களுக்கு என்ன வரலைன்னு கண்டுபிடிச்சு வேலையை ஆரம்பிக்கிற மாசமும் அதே மாசம்தான். குளிர்ந்து கிடக்குற ரூம்ல 24 பிள்ளைங்க மூச்சு விட்டா ஜன்னல் கண்ணாடியில தண்ணி வடியும், அதே ஈரம் லென்ஸ் மேலயும் உட்காரும். நாங்க பத்திரம்னு நினைச்சு கவர்ல போட்டு ஜிப் இழுத்து வச்சோம், உள்ள இருந்த ஈரம் வெளிய போகல. ஒரு நாள் ஆன் பண்ணா சுவத்துல விழுற படத்து ஓரத்துல வெள்ளையா சிலந்தி வலை மாதிரி இருக்கு. துணியால துடைச்சுப் பார்த்தோம், போகல. லென்ஸுக்கு உள்ள பூஞ்சை பிடிச்சிருச்சு. எங்களோடது பழைய லாம்ப் டைப், அதை அணைச்சாலும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி லாம்பை ஆற விடணும், கரண்ட் பட்டுன்னு போனா அந்த ஆறுறது நடக்காது, லாம்ப் ஆயுசு அதுலயே குறையும். எல்இடி டைப்ல இந்தத் தொந்தரவு குறைவு, 20,000 மணி நேரம்னு போட்டிருக்காங்க, ஆனா பூஞ்சைக்கு லாம்பும் எல்இடியும் ஒண்ணுதான்.

ரிப்பேருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குற ஊட்டிக்குக் கொண்டு போனோம், இங்க ஆகாதுன்னு கோயம்புத்தூருக்கு அனுப்பினாங்க, மூணு வாரம் ஆச்சு. காசு போனதைக் கூட விட்டுருங்க. ஜூலையில ஒரு பொண்ணுக்கு உயிர்மெய் எழுத்து வரலை, கொம்பும் காலும் குழம்புதுன்னு கண்டுபிடிச்சு அதுக்குன்னு வீடியோ எடுத்து வச்சிருந்தேன், அதைக் காட்டினது ஆகஸ்ட் கடைசியில. அதுக்குள்ள அவ வாசிக்கிறதுக்கு வெட்கப்பட்டுப் பின் பெஞ்சுக்குப் போயிட்டா. ஒரு வாரம் உட்கார்ந்து தேவையைக் கண்டுபிடிச்சதுக்கு அர்த்தமே அடுத்த நாள் காலையில அதுக்கான பொருள் கையில இருக்குறதுதான். ஒரு சாதனம் நல்லா ஓடுற நாள்ல எவ்ளோ அருமையா சொல்லிக் கொடுக்குதுன்னு பார்க்குறோம், பிள்ளைக்கு வேணுங்கிற நாள்ல அது ஓடுமான்னு பார்க்குறதில்ல.

அட்டைக்கும் ஈரம் எமன்தான், அதையும் சொல்லிடறேன். முதல் தடவை பெரிய ஷீட்டா லேமினேட் பண்ணி அப்புறமா துண்டு துண்டா வெட்டினோம். வெட்டின ஓரம் வழியா ஈரம் ஏறி ஒரே மழையில அத்தனையும் வாயைப் பிளந்துருச்சு. இப்போ முதல்லயே அட்டையை வெட்டிட்டு, இடைவெளி விட்டு ஷீட்டுக்குள்ள அடுக்கி லேமினேட் பண்ணி, சுத்தி அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டுறோம். மூலையை வளைவா வெட்டணும், இல்லன்னா அங்கதான் முதல்ல பிரியும், பிள்ளைங்க கையையும் குத்தும். போன ஜூன்ல பண்ண கட்டு இந்த ஜூனையும் பார்த்துருச்சு. பிரிஞ்சாலும் மலர் பிள்ளைங்களே பார்த்து எழுதிப் புதுசு பண்ணிடறாங்க, அது அவங்களுக்கு எழுத்துப் பயிற்சியாவும் ஆகுது. மெஷின் 5,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

கணக்குக்கு அட்டை கூட வேண்டியதில்ல. கடன் வாங்கிக் கழித்தல் யாருக்கும் பிடிபடாம இருந்துச்சு. தேயிலைக் கொழுந்து எடை போடறப்போ சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சுப் போடுவாங்கல்ல, அது வீட்டுல தினம் பேசுற பேச்சு. 32 கிலோ எடை, 4 கிலோ கழிவு, அம்மாவுக்கு எவ்ளோ எழுதுவாங்கன்னு கேட்டேன். குச்சியைப் பத்துப் பத்தா கட்டி வச்சிருந்தோம், ஒரு கட்டை அவுத்தாத்தான் நாலு எடுக்க முடியும்னு அவங்களே அவுத்தாங்க. இருபத்தெட்டுன்னு சொன்னவ கணக்குல வாயே தொறக்காத பொண்ணு.

டீச்சர் டிரெய்னிங்ல ஒரு கூம்பு படம் போடுவாங்க, படிச்சா 10 சதவீதம் நிக்கும், பார்த்தா 30, செஞ்சா 90ன்னு. எட்கர் டேல்ங்கிற அமெரிக்கக் கல்வியாளர் 1946ல அந்தக் கூம்பைப் போட்டப்போ அதுல எந்த சதவீதமும் கிடையாது, நம்பரெல்லாம் பின்னால வேற யாரோ சேர்த்தது. அதனால அட்டைதான் ஒசத்தின்னு அந்தக் கூம்பை வச்சு நான் வாதாட மாட்டேன். 1983ல ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், மீடியா வெறும் சரக்கு வண்டி மாதிரி, வண்டியை மாத்தறதால சாப்பாட்டுச் சத்து கூடாதுங்கிற மாதிரி எழுதினாரு, அதை மறுத்தவங்களும் உண்டு. எனக்கு அவர் சொல்றதுல பாதி சரியா படுது. அலையைப் பார்த்துக் காலைத் தூக்கின பிள்ளைங்களை நினைச்சா மீதிப் பாதியில சந்தேகம் வருது. ஆனா வண்டின்னே வச்சுக்கிட்டாலும் எங்க ரோட்டுல ஓடுற வண்டியைத்தானே வாங்கணும்.

ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்குறவங்களுக்கு இது அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ரத்த ஓட்டம் மாதிரி பாடமெல்லாம் நான் எடுத்ததில்ல, அங்க வீடியோவுக்கு வேலை அதிகமா இருக்கலாம். டச் போர்டு, டேப்லெட் ரெண்டையும் நான் கிளாஸ்ல வச்சுப் பார்த்ததில்ல, டேப்லெட்னா பேட்டரியில ஓடும், பிள்ளைக்கு ஒண்ணா பிரிச்சும் கொடுக்கலாம், அதனால கணக்கே மாறலாம். மலைக்குக் கீழ மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்ல ஈரமில்லாத கட்டடத்துல இருக்குற ஸ்கூலுக்கு என்னோட பெரிய காரணமே அடிபட்டுப் போயிரும்.

கடல், எரிமலை மாதிரி பாடங்களை நான் இப்போ பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளி வச்சுக்குறேன். அப்போ வெயில் காயும், கரண்டும் போகாம இருக்கும், ஹெச்எம் சார்கிட்ட லேப்டாப் வாங்கி எட்டு எட்டுப் பேரா சுத்தி உட்கார வச்சுக் காட்டிடறேன். அந்தப் பையனோட பலாப்பழ அட்டையில இப்போ மேல 'பலா'ன்னும் கீழ சின்னதா 'சக்க'ன்னும் எழுதி இருக்கு. ரெண்டையும் எழுதினது அவன்தான்.